‘இல்லை’ என்று எழுதும் முன்: குழந்தைகளின் திடீர் தளர்வாதத்தைத் தேடும் வேலை

20 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய 5 லட்சம். போலியோ வைரஸ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஐந்து குழந்தைகளுக்காவது கையோ காலோ திடீரென்று துவண்டுபோகும். கிய்யான்-பாரே எனப்படும் நரம்பு அழற்சி, தண்டுவட அழற்சி, புட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசி, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிப்போவது, தொண்டை அடைப்பானுக்குப் பிறகு வரும் நரம்புத் தளர்ச்சி என்று காரணங்கள் பல. உலக அளவில் லட்சத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சக் கணக்கு. இந்தியா தனக்கு லட்சத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டது. அப்படியானால் இந்த மாவட்டத்திலிருந்து ஆண்டுக்குப் பத்து குழந்தைகளாவது கணக்கில் வர வேண்டும். இரண்டோ மூன்றோ மட்டும் வந்தால், அங்கே பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது. அங்கே யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

போலியோ ஒழிப்பின் விசித்திரமே இதுதான். தேடுவது போலியோவை, எண்ணுவது போலியோ இல்லாத குழந்தைகளை. ‘எங்கள் ஊரில் போலியோ இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், ‘போலியோவாக இருக்கக்கூடிய இத்தனை குழந்தைகளைப் பார்த்தோம், ஒவ்வொருவரின் மலத்தையும் சோதித்தோம், ஒன்றிலும் வைரஸ் இல்லை’ என்று காட்ட வேண்டும். இந்த வேலைக்குத்தான் ஏ.எஃப்.பி., அதாவது திடீர் தளர்வாதக் கண்காணிப்பு என்று பெயர். இந்தியாவில் 1997இல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைத்த வலைதான் இன்றும் ஓடுகிறது.

ஏன் நேராகப் போலியோவையே தேடக் கூடாது? வைரஸ் தொற்றும் 200 குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்குத்தான் வாதம் வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, வாந்தி. ஆக ஒரு குழந்தையின் கால் துவளும்போது வைரஸ் ஏற்கெனவே ஒரு தெருவைக் கடந்து போயிருக்கும். இன்னொன்று, இன்று வார்டில் நிற்கும் இளம் மருத்துவர்கள் போலியோவைப் பார்த்ததே இல்லை. இந்தியாவின் கடைசி இயற்கை வைரஸ் நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் வாதம் கண்ட ஒரு பெண் குழந்தை. பார்த்தே இராத நோயை அடையாளம் கண்டு சொல்லுங்கள் என்று கேட்பதைவிட, கால் துவண்ட குழந்தை எதுவானாலும் சொல்லுங்கள் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

வரையறை எளிது. 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும், உடலின் எந்தப் பாகத்திலும், திடீரென்று வந்த பலவீனமும் தொய்வும். அல்லது, வயது எதுவானாலும், மருத்துவர் போலியோ என்று சந்தேகிக்கும் வாதம். இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் பகுதியில் போலியோ வந்தது ஒரு குழந்தைக்கு அல்ல, தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்கு.

எளிய இந்த வரையறைதான் பெரிய மருத்துவமனைகளில் முட்டிக்கொள்கிறது. நரம்பியல் மருத்துவர் குழந்தையைப் பார்க்கிறார். இரண்டு காலும் ஒரே அளவில் தளர்ந்திருக்கின்றன, பலவீனம் கீழிருந்து மேலே ஏறுகிறது, விரல்களில் மரமரப்பு. நரம்புக் கடத்தல் சோதனையும் முடிந்துவிட்டது. ‘இது தெளிவாக கிய்யான்-பாரே, போலியோவே இல்லை, இதை எதற்குச் சொல்ல வேண்டும்?’ என்கிறார். அவருடைய கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் சொல்லும் கிய்யான்-பாரே குழந்தைகள்தான் இந்தக் கண்காணிப்பு விழித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. நோயைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு அறிவிப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர், எவ்வளவு திறமையானவரோ அவ்வளவுக்கு இந்த வலையில் ஓட்டை போடுகிறார்! சிறந்த கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து வரும் அறிவிப்புகள் தாமதமாவதற்கு அக்கறையின்மையைவிட இந்தத் தன்னம்பிக்கைதான் பெரிய காரணம் என்பது நம் கருத்து.

தண்டுவட அழற்சி, ஊசிக்குப் பின் வந்த நரம்பு வாதம், ஓரிரு நாளில் தானே சரியாகிவிட்ட பலவீனம், முகம் மட்டும் கோணிக்கொண்டது எல்லாமே அறிவிக்க வேண்டியவைதான். மூளைக்காய்ச்சலில் முதலில் துவண்டு பிறகு விறைத்துப்போன காலும் கணக்கில் வரும். நோயின் ஏதாவது ஒரு கட்டத்தில் தொய்வு இருந்தால் போதும். பிறவியிலேயே இருக்கும் தளர்ச்சியும், அடிபட்டதால் உறுதியாக வந்ததும் மட்டும் வராது. சந்தேகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். தவறாகச் சேர்த்தால் இரண்டு டப்பா மலம் வீணாகும், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்று பார்த்தால் போலியோவுக்கென்று ஒரு முகம் உண்டு. காய்ச்சல் இருக்கும்போதே வாதம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் முழு அளவை எட்டிவிடும். ஒரு கால் மோசமாகவும் மற்றது லேசாகவும் இருக்கும். தசை வலிக்கும், தொட்டால் உணர்வு இருக்கும், முட்டிச் சுத்தியலால் தட்டினால் கால் எழாது. கிய்யான்-பாரேயில் பலவீனம் ஏறி முடிய பத்து நாள்கூட ஆகலாம், இருபுறமும் சமமாக இருக்கும். தண்டுவட அழற்சியில் ஒரு மட்டத்துக்குக் கீழே உணர்வு போய்விடும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஊசி வாதத்தில் ஊசி போட்ட பக்கத்துக் கால் மட்டும், அநேகமாக வலியோடு. ஆனால் காய்ச்சலுக்காக ஊசி போட்ட குழந்தைக்கு வரும் வாதத்தை ஊசியின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. உடலில் போலியோ வைரஸ் இருக்கும் நேரத்தில் தசையில் போடும் ஊசியே வாதத்தைத் தூண்டிவிடும். ஊசி போட்ட தேதி, இடம், காரணம் மூன்றையும் படிவத்தில் கேட்பது அதற்காகத்தான்.

துவண்ட குழந்தையை வீட்டார் முதலில் எங்கே கொண்டுபோவார்கள் என்பதை அரசு ஆவணங்களைவிட ஊர்க்காரர்கள் நன்றாகச் சொல்வார்கள். காலை ஊன்றாத பிள்ளையை ‘சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு நீவிவிடுபவரிடமோ எலும்பு வைத்தியரிடமோ கொண்டுபோவது நம் ஊர்களில் சகஜம். முகம் கோணினால் சித்த வைத்தியர், கோயில் மந்திரிப்பு. இவர்கள் எல்லோரையும் தகவல் தருபவர்களாகச் சேர்த்துக்கொண்ட மாவட்டங்களில்தான் கேஸ்கள் சீக்கிரம் வந்தன. இவர்களை ‘போலி’ என்று திட்டிவிட்டு ஒதுங்கினால் இரண்டு வாரம் கழித்துத்தான் குழந்தை கண்ணில் படும்.

மருத்துவமனைகளில் இரண்டு வழி. ஒன்று, வாராவாரம் அறிக்கை. கேஸ் இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். இந்த ‘இல்லை’தான் ஆபத்தான சொல். பல இடங்களில் வார்டுக்கே போகாத ஒரு எழுத்தர் மேசையிலிருந்தே நான்கு வாரத்துக்கும் சேர்த்து ‘இல்லை’ போட்டு வைத்திருப்பார். அதனால் இரண்டாவது வழி: கண்காணிப்பு மருத்துவ அலுவலரோ மாவட்டத்து அதிகாரியோ நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டுவது. பெரிய மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை. குழந்தைகள் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, நரம்பியல், இயன்முறை சிகிச்சை, புறநோயாளிப் பதிவேடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இயன்முறை சிகிச்சைப் பதிவேட்டை மறந்துவிடுவது வழக்கம். தவறிய கேஸ்கள் அதிகம் அகப்படுவது அங்கேதான். ‘ஏ.எஃப்.பி.’ என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ‘நடக்க முடியவில்லை’, ‘கால் பலவீனம்’, ‘பொட்டாசியம் குறைவு’, ‘காய்ச்சலுடன் கழுத்து நிற்கவில்லை’ என்ற வரிகளில் விரல் நிற்க வேண்டும்.

தகவல் வந்து 48 மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவர் குழந்தையை நேரில் பார்த்தாக வேண்டும். கேஸுக்கு ஓர் எண் தரப்படும்: நாடு, மாநிலம், மாவட்டம், ஆண்டு, வரிசை எண். படிவம் நீளமானது, ஆனால் அதில் ஒரே ஒரு கட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாதம் தொடங்கிய தேதி. காய்ச்சல் தொடங்கிய தேதி அல்ல, மருத்துவமனையில் சேர்த்த தேதியும் அல்ல. ‘எப்போது நோய் வந்தது?’ என்று கேட்டால் அம்மா காய்ச்சலைத்தான் சொல்வாள். ‘ஏம்மா, பாப்பா கடைசியா என்னைக்கு நல்லா ஓடுனா?’ என்று கேட்க வேண்டும். தேதி நினைவில்லாவிட்டால் சந்தை நாள், அமாவாசை, ரேஷன் வாங்கிய நாள், பக்கத்து வீட்டு வளைகாப்பு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். பிறகு அப்பாவிடமும் பாட்டியிடமும் தனித்தனியாக அதையே கேட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். சொட்டு மருந்து எத்தனை முறை போட்டது, கடைசியாக எப்போது, வாதம் வருவதற்கு முந்தைய ஐந்து வாரத்தில் குழந்தை எந்த ஊருக்கெல்லாம் போனது என்பவையும் அப்போதே வாங்கிவிட வேண்டியவை.

இனி மலம். இந்த வேலையின் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது, பலரும் முகம் சுளித்து அடுத்தவரிடம் தள்ளிவிடுவதும் இதைத்தான். போலியோ வைரஸ் குடலில் பெருகி மலத்தில் வெளியேறுகிறது. வாதம் வந்த முதல் இரண்டு வாரத்தில் மிக அதிகம். பிறகு குறைந்துகொண்டே போகும். தொடர்ச்சியாகவும் வெளியேறாது, ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதனால்தான் விதி இப்படி: வாதம் தொடங்கிய 14 நாளுக்குள் இரண்டு மாதிரி, இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம், ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், அதாவது பெரியவரின் கட்டைவிரல் அளவு. 14 நாள் தாண்டிவிட்டால் விட்டுவிடக் கூடாது. 60 நாள் வரை எடுக்கலாம். ஆனால் அது ‘போதுமான மாதிரி’ கணக்கில் சேராது. நூற்றுக்கு 80 கேஸ்களிலாவது போதுமான மாதிரி கிடைக்க வேண்டும் என்பது அளவுகோல்.

டப்பா அகன்ற வாயும் திருகு மூடியும் உள்ளதாக, சுத்தமாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். கிருமிநாசினியால் கழுவிய டப்பாவில் வைரஸ் செத்துவிடும். ஃபார்மலின் ஊற்றிவிடும் ஆர்வக்கோளாறும் நடப்பதுண்டு. வேறு சோதனைக்குப் பழகிய கை. குழந்தையைச் சுத்தமான காகிதத்திலோ பிளாஸ்டிக் தாளிலோ இருக்கச் செய்து எடுப்பது நல்லது. டயப்பரிலிருந்து சுரண்டினால் ஈரமெல்லாம் அதற்குள் போயிருக்கும். வாதம் வந்த குழந்தைகளுக்கு மலச்சிக்கல் அடிக்கடி வரும். நாலு நாள் போகாமல் இருப்பதும் உண்டு. அவசரப்பட்டு எனிமா கொடுத்தால் வருவது தண்ணீர், அதில் வைரஸ் நீர்த்துப் போயிருக்கும். ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது சோதனைக்குப் போதாது. காத்திருக்க வேண்டியதுதான்: டப்பாவை அம்மாவிடம் கொடுத்து, எப்படி எடுப்பது என்று செய்து காட்டி, கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

எடுத்த நிமிடத்திலிருந்து குளிர் விடக் கூடாது. 2 முதல் 8 டிகிரி. நான்கு உறைந்த ஐஸ் பேக் வைத்த கேரியர். அதன் மேல் ‘மல மாதிரிக்கு மட்டும்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாள் அதே பெட்டியில் தடுப்பூசி எடுத்துப்போவதற்கு யாராவது கை நீட்டுவார்கள். அந்த ஐஸ் பேக்குகளும் திரும்பத் தடுப்பூசிக்குப் போகக் கூடாது. டப்பா மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, கசிந்தால் உறிஞ்சப் பஞ்சு. லேபிளில் பெயர், கேஸ் எண், முதல் மாதிரியா இரண்டாவதா, எடுத்த தேதி; பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும் என்பதால் பென்சிலோ அழியாத மார்க்கரோ. ஆய்வகப் படிவத்தைத் தனிப் பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் உருகிய நீரில் கரைந்து போய்ச் சேரும். இரண்டாவது மாதிரி எடுத்த மூன்று நாளுக்குள் ஆய்வகம் கிடைத்தாக வேண்டும். முடியாதென்றால் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, உறைந்தபடியே அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, சனி ஞாயிறு அலுவலகக் குளிர்பெட்டியில் கிடந்து, மின்சாரம் போய், திங்கட்கிழமை வெதுவெதுப்பாகப் புறப்படும் டப்பாதான் வழக்கமான விபத்து.

தமிழ்நாட்டு மாதிரிகள் கிண்டியில் உள்ள கிங் நிலையத்துக்குப் போகும். இந்தியாவில் இப்படி எட்டு ஆய்வகங்கள். அங்கே 2 கிராம் மலத்தை 10 மில்லி உப்புக் கரைசலில், கண்ணாடி மணிகளும் 1 மில்லி குளோரோஃபார்மும் சேர்த்து, இருபது நிமிடம் குலுக்குகிறார்கள். குளோரோஃபார்ம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். போலியோ வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் அது தப்பிக்கும். சுழற்றித் தெளிந்த நீரை இரண்டு வகை செல்களில் விடுகிறார்கள். ஆர்.டி. என்பது மனிதத் தசைக் கட்டியிலிருந்து வந்தது, பல குடல் வைரஸ்களும் அதில் வளரும். எல்20பி என்பது எலிச் செல். போலியோ ஒட்டிக்கொள்ளும் மனித ஏற்பியை அதில் புகுத்தியிருக்கிறார்கள், அதனால் அது போலியோவுக்கென்றே விரித்த பொறி. வைரஸ் இருந்தால் செல்கள் உருண்டு திரண்டு கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். ஐந்து நாள் பார்த்து, மறுபடி மாற்றி ஐந்து நாள் பார்த்து, வளர்ப்பு முடிவு 14 நாளுக்குள் வரும். போலியோ என்றால் மூன்று வகைகளில் எது, இயற்கை வைரஸா சொட்டு மருந்திலுள்ள பலவீனமாக்கிய வைரஸா என்பதைப் பி.சி.ஆர். சோதனை இன்னும் ஏழு நாளில் சொல்லும்.

மாவட்டத்தில் பார்த்த அதே தர்க்கம் ஆய்வகத்திலும் உண்டு. நல்ல நிலையில் வந்த நூறு மாதிரிகளில் பத்திலாவது போலியோ அல்லாத ஏதாவது குடல் வைரஸ் வளர்ந்தாக வேண்டும். ஒன்றுமே வளரவில்லை என்றால் வழியில் குளிர் விட்டிருக்கிறது, அல்லது செல்களில் கோளாறு. அந்த ஆய்வகம் சொல்லும் ‘போலியோ இல்லை’க்கு மதிப்பில்லை.

வைரஸ் கிடைத்துவிட்டால் அதன் மேலுறைப் புரதத்துக்கான வி.பி.1 பகுதியின் சுமார் 900 மரபெழுத்துகளைப் படிக்கிறார்கள். அவை ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் மாறுகின்றன. அதனால் இரண்டு வைரஸ்களுக்கு நடுவிலுள்ள வேறுபாட்டை எண்ணினால், எத்தனை ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படாமல் சுற்றியது என்று சொல்லிவிடலாம். சொட்டு மருந்து வைரஸிலிருந்து முதல், மூன்றாம் வகைகளில் 10 எழுத்தும், இரண்டாம் வகையில் 6 எழுத்தும் விலகினால் அது தடுப்பூசிவழி உருமாறிய வைரஸ் என்று எச்சரிக்கை போகும். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை எடுத்துவிட்டதால், இன்று எந்த இரண்டாம் வகை வைரஸ் தென்பட்டாலும் உடனே விசாரணைதான்.

போதுமான மாதிரி கிடைக்காத குழந்தையையும், வைரஸ் வந்த குழந்தையையும் 60 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நுனிக்காலில் நட, குதிகாலில் நட, ஒற்றைக் காலில் நொண்டியடி, படியேறு என்று விளையாட்டாகச் செய்யச் சொன்னால் மறைந்திருக்கும் பலவீனம் வெளிவரும். முட்டிக்கு மேலும் கீழும் ஒரே தூரத்தில் இரண்டு காலிலும் நாடா பிடித்துச் சுற்றளவு பார்க்க வேண்டும். போலியோவில் தசை சூம்பிப்போகும். கைக்குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி, இரண்டு காலும் உதைக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பலவீனம் மிச்சமிருந்து, மாதிரியும் சரியில்லை என்றால் கோப்பு நிபுணர் குழுவுக்குப் போகும். அவர்களாலும் மறுக்க முடியாவிட்டால் ‘போலியோவுக்கு ஒத்துவருவது’ என்று முத்திரை. அது நோயைப் பற்றிய தீர்ப்பல்ல, கண்காணிப்பின் தோல்விக்குப் போட்ட மதிப்பெண்.

எண்களுக்கு இலக்கு வைத்தால் எண்களைச் செய்யும் கலையும் கூடவே வளரும். லட்சத்துக்கு இரண்டு எட்டவில்லை என்று ஆண்டுக் கடைசியில் வாதமே இல்லாத பிள்ளைகளைச் சேர்ப்பது ஒன்று. பதினாறாம் நாள் எடுத்த மாதிரிக்காக வாதத் தேதியை இரண்டு நாள் பிந்தியதாக மாற்றிவிடுவது இன்னொன்று. ஒரே மலத்தை இரண்டு டப்பாவில் பிரித்துப்போட்டு இரண்டு தேதி எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். மாநில சராசரி நன்றாக இருப்பதாலும் ஏமாறக் கூடாது. நகரத்து மருத்துவமனையில் குவியும் கேஸ்கள் மலைப்பகுதி ஒன்றியத்தின் மௌனத்தை மூடி மறைத்துவிடும். அறிவிப்பை மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அல்லாமல் குழந்தையின் ஊருக்குக் கணக்கு வைத்துப் பார்த்தால்தான் அந்த மௌனம் தெரியும்.

மௌனத்தின் விலை நைஜீரியாவின் போர்னோவில் தெரிந்தது. இரண்டு ஆண்டு ஒரு கேஸும் இல்லாமல் இருந்த நாட்டில் 2016 ஆகஸ்டில் இயற்கை வைரஸ் திரும்ப வந்தது. மரபெழுத்துகளைப் படித்தபோது அது போர்னோவில் 2011இல் கடைசியாகப் பார்த்த வைரஸின் வழி என்று தெரிந்தது. போகோ ஹராம் வன்முறையால் யாரும் உள்ளே போக முடியாத ஊர்களில் ஐந்து ஆண்டு அது பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் சாக்கடை நீரையும் சோதிக்கிறார்கள். இந்தியாவில் மும்பையில் 2001இல் தொடங்கியது. காஸாவில் 2024 ஜூனில் எடுத்த கழிவுநீரில் முதலில் இரண்டாம் வகை வைரஸ் தெரிந்தது. ஆகஸ்டில்தான் வாதம் கண்ட பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ என்று உறுதியானது. ஆனால் சாக்கடை இருக்கும் ஊரில்தான் சாக்கடை நீர் எடுக்க முடியும். மூடிய கால்வாய் இல்லாத கிராமங்களுக்கு இன்னும் கேஸ் தேடுவதுதான் வழி.

இரண்டு வலையிலும் எளிதில் சிக்காத ஒரு கூட்டமும் உண்டு. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகள் சிலர் சொட்டு மருந்து வைரஸை மாதக்கணக்கில், அபூர்வமாக ஆண்டுக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். அது உடலுக்குள்ளேயே உருமாறும். வாதம் வராதவரை இவர்களில் யாரும் ஏ.எஃப்.பி. கணக்கில் வருவதில்லை. ஆகவே எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகளில், கால் நன்றாக இருக்கும் இந்தக் குழந்தைகளின் மலத்தையும் இப்போது வாங்கிச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.